சடைக்குள் இருந்த அரப்பு

இன்று காலை கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மில் வாசலில் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளிருந்து ஒரு வாடை வந்தது. சுருட்டி மூலையில் போட்டு மறந்துபோன ஈரத் துண்டுக்கு வருமே, அந்த வாடை. நின்ற இடத்திலேயே தலைக்கட்டை அவிழ்த்து, சடைகளை இரண்டு பக்கமும் உதறினேன். வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங் சார், சாமி கீமி வந்துருச்சுங்களா?"

"ஈரமுங்க" என்றேன். "கொஞ்சம் காத்தாடட்டும்."

பத்து நிமிடம் தாமதமாகத்தான் உள்ளே போனேன். முடி காய்வதற்காக நான் பத்து நிமிடம் சும்மா நின்றேன் என்றால் நீ நம்ப மாட்டாய். டீ ஆறுவதற்குக்கூடக் காத்திருக்காமல் வாயைச் சுட்டுக்கொள்கிறவன் என்று என்னைக் கேலி செய்தவன் நீ. ஆனால் அந்த வாடை வந்ததும் உன் குரல் கூடவே வந்துவிட்டது. "ஈரத்தக் கட்டாத. ஈரத்தக் கட்டாத. எத்தன தடவடா சொல்றது, கல்லுல வேணா செதுக்கி வெக்கட்டுமா?"

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நேராகச் சொல்கிறேன். உன் கைவேலையின் மேல் நாலு பேர் அறியப் பழி போட்டவன் நான். பழி பொய் என்று தெரிந்ததும் அதே நாலு பேர் முன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ இருந்தாய். அந்த எட்டு மாதம் கிடைக்காமல் போயிருந்தால் உனக்கு ஒரு வரி எழுதவும் எனக்குக் கை வந்திருக்காது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை நினைக்கும்போது முதலில் வருவது நிம்மதிதான். அதை உனக்குச் சொல்லவேண்டும்.

கோட்டைமேட்டுச் சந்துக்குள் உன் கடையைத் தேடி வந்த முதல் நாள், உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, அதன் முன்னால் முப்பது வயதுக்குள் தலை முழுதும் வழுக்கையாக ஒரு ஆள். கோயமுத்தூரிலேயே சடைமுடி போடத் தெரிந்தவன் இவன்தான் என்று அனுப்பியிருந்தார்கள்.

"முடி வெட்டறவனுக்கே முடி இல்ல" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்வது என் வழக்கம்.

"பொட்டிக்கடக்காரன் சிகரெட் குடிக்கலீன்னா கடைல சிகரெட் வாங்க மாட்டீங்களா? உக்காருங்க சார்" என்றாய்.

திருப்பூருக்குப் பனியன் வாங்க வரும் நைஜீரிய வியாபாரிகளுக்கு முடி போட்டுவிடும் ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை செய்து இதைக் கற்றதாகச் சொன்னாய். அவர்கள் முடியும் நம் முடியும் ஒன்றல்ல, அவர்களுக்குத் தானாகச் சுருண்டு நிற்கும், நமக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், அதனால் நமக்குப் பொறுமை இரண்டு மடங்கு வேண்டும் என்றாய். பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அலுப்பு தட்டியது. எத்தனை மணி நேரம் ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

சீப்பின் வால் முனையால் என் தலையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தாய். தோட்டத்தில் தக்காளிக்குப் பாத்தி கட்டுவதுபோல வரப்பெல்லாம் நேர்க்கோட்டில் இருந்தது. எனக்கு மெல்லிய சடைகள் வேண்டும், நூறாவது வேண்டும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"மெல்லிசாப் போட்டா இன்னிக்கு அழகா இருக்கும். நாளைக்கு நீளம் வந்தா அந்த எடைய எது தூக்கும்? ஒவ்வொரு சடையும் அதோட வேருலதான் தொங்குது. வேற புடிமானம் கெடையாது பாத்துக்கங்க."

அறுபதில் நிறுத்தினாய். பிறகு விதிகளைச் சொன்னாய். வேரில் வளரும் புதுமுடியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் சடையோடு சேர்த்து முறுக்கவேண்டும், அதையும் நீதான் செய்வாய். ஈரமாக இருக்கும்போது கட்டக்கூடாது. இறுக்கிக் கொண்டை போடக்கூடாது. தூங்கும்போது வழுவழுப்பான துணியில் தலை இருக்கவேண்டும். பருத்தி உறை முடியைப் பிடித்து இழுக்கும். தலையில் கொட்டி ஊறவைக்கும் எண்ணெய்க்குளியல் கூடாது.

நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் லேபில் வேலை செய்கிறவன் நான். நூலை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எவ்வளவு பலத்தில் அறுந்தது என்று எழுதுவது என் சோலி. உன் விதிகள் எல்லாம் எனக்கு உடனே புரிந்தன. புரிந்துவிட்டால் கடைப்பிடித்தது போலத்தான் என்று நினைப்பது படித்தவனுக்கு வரும் வியாதி.

மூன்றாம் மாதத்தில் நீ "சார்" என்பதை விட்டாய். ஆறாம் மாதத்தில் "டா" வந்தது. எனக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தை உன் கடையில் கழிப்பது பழகிவிட்டது. நைஜீரியர்கள் சொன்ன கதைகளை நீ சொல்லுவாய். மில்லில் எவன் எவன் என்ன தப்பு செய்தான் என்று நான் சொல்லுவேன். "உங்க மில்லுல உன்னத்தவிர ஒருத்தனுக்கும் வேல தெரியாது போல" என்று நீ கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னபோது, பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சொந்த ஊரான காரமடையில் அம்மா என் தலையைப் பார்த்த நாளிலிருந்து முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை. சாதம் போடும்போது என் கழுத்துக்குக் கீழே பார்த்துப் பேசினாள். ஒரு வருடம் இப்படிப் போயிற்று.

அதை உடைத்தது ஒரு பேருந்துப் பயணம். நானும் அம்மாவும் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். முன்சீட்டிலிருந்து எழுந்து வந்த ஒரு பெண் தன் கைக்குழந்தையின் தலையை என் மடிமேல் சாய்த்து, "சாமி, கொழந்த ராத்திரியெல்லாம் அழுகுதுங்க, துண்ணூறு போட்டு உடுங்க" என்றாள். நான் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மாதான் சொன்னாள்: "அம்மிணி, இது சாமியில்லீங்க, என்ற பையன். மில்லுல இஞ்சினீரு. இவனே ராத்திரியெல்லாம் செல்லுப் பாத்துட்டு முழிச்சிருப்பான், இவன் எங்க தூங்க வெக்கறது?"

பேருந்தே சிரித்தது. வீட்டுக்கு வந்தும் அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, முதல்முறையாக என் சடை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"தேங்கா நாரு கணக்கா காஞ்சு கெடக்குது. சனிக்கெழம வா கண்ணு, எண்ண வெச்சு உடறேன்."

இதற்கு எப்படி முடியாது என்பது? அந்தச் சனிக்கிழமை போனேன். பொள்ளாச்சிச் செக்கு எண்ணெய் அரைக் கிண்ணம். உச்சியில் வைத்து, ஒவ்வொரு சடையாக உருவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் எண்ணெய்ப் பிசுக்குப் போக அரப்பு இலைத்தூளைக் கரைத்துத் தேய்த்தாள். சின்ன வயதில் தேய்த்ததுபோலத்தான். தலையை முட்டுக்காலில் கவிழ்த்துக்கொண்டு அவள் ஊர்க்கதை பேசுவதைக் கேட்டேன். அடுத்த சனியும் போனேன். அதற்கடுத்த சனியும் போனேன். குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட இருக்கும் முடியை உச்சியில் சுருட்டிக் கட்டி, மேலே ஹெல்மெட்டை அமுக்கி, கோவைக்கு வண்டியை விரட்டுவேன். காயும்வரை உட்கார எனக்கு ஏது நேரம்?

"எண்ண கிண்ண வெக்கறியாடா?" என்று நீ ஒருமுறை கேட்டாய். சடையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாய்.

"இல்ல" என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நிறுத்தச் சொல்வாய். நிறுத்தினால் அம்மா மறுபடி என் கழுத்துக்குக் கீழே பார்ப்பாள். இதை ஒரு வழுக்கைத் தலையனிடம் எப்படி விளக்குவது என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பொய்யும் இருந்தது. வேரில் புதுமுடி வளர்ந்து கலைந்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதம் யார் காத்திருப்பது? வாரத்துக்கு ஒருமுறை குளியலறைக் கண்ணாடி முன் நின்று நானே இறுக்கி முறுக்கிக்கொண்டேன். உன்னிடம் வரும்போது, "பரவால்லியே, வேரு கச்சிதமா இருக்குது" என்று நீ வியந்தாய். நான் சும்மா இருந்தேன்.

ஏழெட்டு மாதத்தில் நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் தோல் தெரிய ஆரம்பித்தது. சடைகள் வேரருகே நூல்போல மெலிந்தன. ஒரு நாள் மில்லுக்கு நூல் வாங்க வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் ஏதோ விழுந்தது. என் சடை. வேரருகே அறுந்து, அவர்கள் கொண்டுவந்த காகிதங்களின் நடுவே கிடந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மதியம் செய்ததை நான் மறக்கப் போவதில்லை. சடைமுடி வைத்திருக்கும் முப்பது பேர் இருந்த நம் வாட்ஸ்அப் குழுவில், என் நெற்றியைப் படம் பிடித்துப் போட்டேன். கீழே எழுதினேன்: "முறுக்கு ஒரு அளவைத் தாண்டினால் இழை அறும். நூலுக்கும் இதுதான், முடிக்கும் இதுதான். இந்தக் கடைக்காரருக்கு அந்த அளவு தெரியவில்லை. தன் தலைமுடியையே காப்பாற்றத் தெரியாதவரிடம் உங்கள் தலையைக் கொடுக்காதீர்கள்."

கடைசி வரியை எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி. அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

நீயும் அந்தக் குழுவில் இருந்தாய். ஒரே ஒரு பதில் போட்டாய். "சரிங்க." அவ்வளவுதான். ஒரு வருடமாக என்னை டா போட்டுப் பேசியவன், புதிதாகக் கடைக்கு வந்தவனிடம் பேசுவதுபோல எழுதியிருந்தாய். மற்றவர்கள் என் பேச்சைத்தான் நம்பினார்கள். "மில் லேப்ல இருக்கறவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்று ஒருவன் எழுதினான். அடுத்த மூன்று வாரத்தில் உன் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டதாக இன்னொருவன் சொன்னான். தாடி எடுக்க வருகிறவர்கள் மட்டும் வந்தார்களாம். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

உண்மையை வெளியே கொண்டுவந்தது சரசு அக்கா. எங்கள் லேபில் இருபது வருடமாக இருக்கிறவர். இயந்திரம் அளப்பதற்கு முன்னால் விரலால் நூலைத் தடவியே அது எத்தனையாம் எண் நூல் என்று சொல்லிவிடுவார். இரண்டாவது சடை விழுந்த அன்று, அதை ஒரு ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம் என்று லேபுக்கு எடுத்துப்போயிருந்தேன். உன் குற்றத்தை முறைப்படி நிரூபிக்கத்தான். எடை போட்டேன். அந்த நீளத்துக்கு இருக்கவேண்டியதைவிட மிக அதிகமாகக் காட்டியது. தராசு தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே முடி மட்டும் இல்லை. பச்சையும் பழுப்புமாக, கெட்டியாகப் பிசின்போல ஒன்று நடுவில் ஓடியது.

சரசு அக்கா குனிந்து மோந்து பார்த்தார். "ஏனுங் சார், இது அரப்புதானுங்க? எண்ணச்சிக்கோட சேந்து களி மாதிரி ஏறியிருக்குது. அடக் கடவுளே, ஒரு தலைல இத்தன அரப்பா? காய வெச்சு அரைச்சா எங்கூட்டுக்கு ஒரு மாசத்துக்கு ஆகும் போங்க."

சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன. சாதாரண முடியில் அரப்பு அலசினால் போய்விடும். இறுகிய சடைக்குள் புகுந்தது எப்படி வெளியே வரும்? வாராவாரம் ஒரு பூச்சு. அதன்மேல் எண்ணெய். அதைக் காயவிடாமல் ஹெல்மெட். ஊறிப்போய்க் கனத்த சடையை, மெலிந்த வேர் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அத்தோடு முடிந்திருந்தாலும் பாதிப் பழியை உன்மேல் வைத்துக்கொண்டிருப்பேன். முறுக்கு இருக்கிறதே! வேர்ப்பக்கத்தை லென்ஸின் கீழ் வைத்தேன். நீ எப்போதும் வலம்சுற்றித்தான் முறுக்குவாய். அது சடை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. வேரருகே மட்டும் முடி குழம்பி, சில இழைகள் எதிர்த்திசையில் சுற்றிப் பிரிந்து அறுந்திருந்தன. நான் இடக்கைக்காரன். கண்ணாடியைப் பார்த்து, கை போன போக்கில், இடம்சுற்றி முறுக்கியிருக்கிறேன். நீ ஏற்றிய முறுக்கை நான் வாராவாரம் பிரித்திருக்கிறேன். ஒரு திசையில் ஏறிய முறுக்கை எதிராகச் சுற்றினால் நூல் நூலாக இருக்காது என்பது நாங்கள் படிக்கிற முதல் பாடம். அதை வைத்துத்தான் உனக்கு வகுப்பெடுத்திருந்தேன்.

"யாரு சார் முறுக்குனது? ரெண்டு கை பட்டிருக்குது பாருங்க" என்றார் சரசு அக்கா.

"ஒரு கை நல்ல கைங்க அக்கா" என்றேன்.

மில்லில் நூல் அதிகமாக அறுந்தால் ஓட்டுகிற பெண்களைத்தான் முதலில் திட்டுவார்கள். பஞ்சைப் பார், ஈரப்பதத்தைப் பார், இயந்திரத்தைப் பார், ஆளைக் கடைசியில் பார் என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதுகிறவன் நான். அதற்காகவே மேலதிகாரியோடு சண்டை போட்டிருக்கிறேன். என் தலை என்றதும் முதலில் உன்னைப் பார்த்தேன்.

குழுவில் எழுதிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அது போதாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்து, கீறிய சடையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நீ ஒரு பெரியவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாய். பெஞ்சில் நாலு பேர். என்னைப் பார்த்து, "வாங்க" என்றாய். கத்தியை நிறுத்தவில்லை.

"எல்லாருக்கும் கேக்கட்டும்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். எனக்கு மேடைப்பேச்சு வராது. குரல் கொஞ்சம் சத்தமாகவே போய்விட்டது. "இவரு வேலைல ஒரு தப்பும் இல்ல. என் முடி போனது என்னாலதான். எண்ண வெச்சேன், அரப்புப் போட்டேன், ஈரத்தோட கட்டுனேன், நானே முறுக்குனேன். எண்ண, ஈரம், முறுக்கு மூணும் வேண்டாம்னு இவரு சொன்னதுதான். பொய் சொல்லிப்போட்டு இவரு பேரக் கெடுத்துப்போட்டேன்."

நுரை பூசிய பெரியவர் உறையை உற்றுப் பார்த்தார். "ஏனுங் தம்பி, அது என்ன, எலி வாலுங்களா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு வந்து, உறையைப் பிரித்து மோந்தாய்.

"அரப்பு" என்றாய். "யாரு வெச்சது?"

"அம்மா."

உறையை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாய். திட்டுவாய் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபம்.

"அம்மான்னு அப்பவே சொல்லியிருந்தா, எப்பிடி வெக்கோணும்னு அவங்களுக்குக் காட்டியிருப்பனேடா லூசு. நான் எண்ணையத்தான வேண்டாம்னேன்? அம்மா கைய வேண்டாம்னனா?"

"அந்தக் கடைசி வரி..." என்றேன். உன் தலையைப் பற்றி எழுதிய வரி.

"அத என்ற பொண்டாட்டி படிச்சுட்டா. அவளுக்குத்தான் ரொம்பக் கோவம். நான் சொன்னேன், இவஞ் சொல்லித்தான் எனக்கு வழுக்கைன்னு தெரியுமாக்கும்னு." அப்போது உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முழுசாக வரவில்லை. வந்தவரை எனக்குப் போதும். "உக்காரு. பெரியவர முடிச்சுட்டு வாரேன். அதுக்குள்ள ஓடிப்போயிறாத, உனக்குத்தான் பொறுமையே கெடையாதே."

அன்று இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், கீறிய சடையின் படத்தோடு. அரப்பு, ஈரம், எதிர்முறுக்கு, என் பொய். கடைசி வரிக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு நீ என் தலையைக் கையில் எடுத்தாய். வெந்நீரில் சமையல் சோடா கலந்த வாளிக்குள் சடைகளை அமுக்கி, பிழிந்து, மறுபடி அமுக்கினாய். நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் வருவதுபோல வந்தது. "ஒரு தலையில இருந்து வர்ற தண்ணியாடா இது?" ஐந்தாவது வாளியில்தான் தெளிந்தது. வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு அலசல். கனம் குறையவேண்டும் என்று எல்லாச் சடையிலும் நுனியில் நாலு விரல்கடை வெட்டினாய். அறுந்துவிடும் நிலையில் இருந்தவற்றைப் பக்கத்துச் சடையோடு குரோஷா ஊசியால் கோத்து இணைத்தாய். "தனியா நிக்க முடியாததுக்குத் துணை போட்டிருக்கேன்" என்றாய். ட்ரையரால் வேர்வரை காயவைத்த பிறகுதான் எழவிட்டாய்.

நெற்றி ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இங்க வேரு இருக்குதா, செத்துப்போச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். தோல் டாக்டர்கிட்டப் போ" என்றாய். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் குத்தியது.

டாக்டர் ஒரு சின்னக் கருவியைத் தலையில் வைத்துப் பார்த்தார். தொடர்ந்து இழுபட்டதால் வந்தது, வேர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, இத்தோடு நிறுத்தினால் திரும்ப வரும், இன்னும் ஒரு வருடம் இழுத்திருந்தால் வந்திருக்காது என்றார். வெளியே வந்து உனக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

"உசுரு இருக்குதாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாய். உடனே, "இப்ப ஹெல்மெட்ல அவுத்து உட்ருக்கியா, கட்டியிருக்கியா?" என்றாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, உனக்குக் கடை விடுமுறை. நீயே காரமடைக்கு வந்தாய். அம்மாவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. தன்னால்தான் முடி போயிற்று என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீ வந்ததும் வராததுமாக எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டாய்.

"அம்மா, எண்ண நல்லதுதானுங்க. சடைக்கு வேண்டாம், தோலுக்கு மட்டும். இந்தாங்க, விரல் நுனில இத்தனூண்டு, இந்த வரப்புல மட்டும் வெச்சுட்டே வாங்க. அலசறதுக்கு ஷாம்புவத் தண்ணில கலந்து ஊத்துங்க. அரப்ப நீங்க வெச்சுக்கங்க."

"அப்ப நான் வெக்கலாமா தம்பி?"

"நீங்கதானுங்க வெக்கோணும். இவன் கைய மட்டும் கட்டிப் போடுங்க."

அம்மா அரிசிம்பருப்பு சாதம் போட்டாள். நீ மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாய். அம்மா உன் தலையைப் பார்த்து, "உங்களுக்கு அம்மா எண்ண வெக்கலீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டாள். நீ சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "வெச்சாங்கம்மா. எண்ண நின்னுச்சு, முடிதான் நிக்கல."

குழுவில் இருந்தவர்கள் உன் கடைக்குத் திரும்ப வர ஒரு மாதம் ஆயிற்று. முதலில் ஒருவன், பிறகு திருப்பூரிலிருந்து இரண்டு பேர். நாலாம் மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்த எனக்கே உட்கார இடமில்லை. "பாத்தியா, உன்னால எனக்கு வெளம்பரம்" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருக்க உன் பெஞ்சில்தான் பழகினேன்.

எட்டாம் மாதம் என் நெற்றி ஓரங்களில் புதுமுடி நாலு விரல்கடைக்கு வந்திருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னச் சடை போட்டாய். ஊசி வைக்கவில்லை, விரலால் மட்டும், மெதுவாக, வலம்சுற்றி. "இத ஒரு வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது. நானும் தொட மாட்டேன். எப்பத் தொடலாம்னு நானே சொல்றேன்."

பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில், கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

உன் அடக்கத்துக்கு மையவாடிக்கு வந்தேன். தலையை மூடுவதற்குத் தொப்பி கொடுத்தார்கள். என் சடைக்கு அது எங்கே பற்றும்? யாரோ ஒரு துண்டை நீட்டினார்கள். கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிர்ப்பக்கத்தில் இன்னும் மூன்று பேர் துண்டுக்குள் அடங்காத சடைகளோடு நின்றிருந்தார்கள். மூன்று பேரும் என் பேச்சைக் கேட்டு உன்னை விட்டுப் போனவர்கள். மூன்று பேரும் திரும்பி வந்தவர்கள். எல்லோரும் போடும்போது நாங்களும் மூன்று பிடி மண் போட்டோம். அழுதுகொண்டிருந்தேன், அழுகையின் நடுவே, இவர்கள் திரும்பி வந்தார்கள், அதை அவன் பார்த்தான் என்ற ஒன்றையே மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கு முன்னால் சொல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தால், அங்கே நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்?

இப்போது வேரை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வலக்கையால். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். சரியாக வருவதில்லை, கலைந்துதான் நிற்கிறது. பரவாயில்லை. ஐம்பத்திரண்டு சடைகளில் கடந்த ஒன்றரை வருடத்தில் ஒன்றுகூட விழவில்லை. குழுவில் புதிதாக யாராவது முடி கொட்டுகிறது என்று எழுதினால், யார் போட்டது என்று நான் கேட்பதில்லை. சனிக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறேன். பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அம்மா வாராவாரம் கிண்ணத்தோடு உட்காருகிறாள். நீ காட்டியபடி விரல் நுனியில் தொட்டு, வரப்பு வரப்பாக வைத்துக்கொண்டே வருவாள். நெற்றி ஓரத்தில் நீ போட்ட இரண்டும் இப்போது தாடைவரை வந்துவிட்டன. அங்கே வந்ததும் அம்மாவின் விரல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. போன வாரம் சொல்லிப் பார்த்தேன்.

"வருசம் தாண்டிருச்சும்மா. இனித் தொடலாம்."

"இருக்கட்டும் கண்ணு" என்றாள். "தொடலாம்னு அந்தத் தம்பி இன்னும் சொல்லலியே."